காயம் ஆறிய பின்னும் பின்னறையில்...

பிள்ளை பிறந்த வீட்டுக்குப் போனால் நாம் முதலில் கேட்பது இரண்டு கேள்விகள். பிள்ளை சுகமா? தாய் சுகமா? இரண்டுக்கும் "அல்ஹம்துலில்லாஹ், சுகம்" என்று பதில் வந்தால் மனம் நிறைந்து திரும்பி விடுகிறோம். அந்தச் "சுகம்" என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனையோ பெண்கள் தங்கள் வேதனையை மறைத்து வைத்திருக்கிறார்கள். இருமினால் சிறுநீர் போகிறது, நின்று வேலை செய்தால் அடிவயிறு கீழே இறங்குகிறது, எந்நேரமும் துணி நனைகிறது என்பதை அவர்கள் பெற்ற உம்மாவிடம்கூடச் சொல்வதில்லை.

மாதர் சங்க வேலையாகக் கல்முனைப் பகுதியில் வீடு வீடாகச் சென்று வருகின்ற எனக்கு இது பற்றி இரண்டு விடயங்கள் தெளிவாகியுள்ளன. ஒன்று, இந்தக் காயங்களில் பெரும்பாலானவற்றுக்கு வைத்தியம் உண்டு. மற்றது, வைத்தியம் முடிந்த அன்றே பெண் குணமாகி விடுவதில்லை. துவாரத்தைத் தைத்து மூடுவது வைத்தியரின் வேலை. அந்தப் பெண்ணைத் திரும்பவும் சபையில் உட்கார வைப்பது உறவினரும் அயலவரும் செய்ய வேண்டிய வேலை. இங்கு நான் பேச விரும்புவது அந்த இரண்டாவது வேலையைப் பற்றித்தான்.

பேறுகாலக் காயங்கள் எவை?

மிகக் கொடியது பிஸ்டியுலா எனப்படும் துவாரம். பிரசவ வலி தொடங்கியும் பிள்ளை வெளிவர முடியாமல் ஒரு நாள், இரண்டு நாள் என்று தடைப்பட்டு நிற்கும்போது, பிள்ளையின் தலை தாயின் இடுப்பெலும்பில் அழுத்திக்கொண்டே இருக்கிறது. நடுவில் அகப்பட்ட சதைக்கு இரத்த ஓட்டம் நின்றுவிடுகிறது. சில நாட்களில் அந்தச் சதை அழுகி விழ, சிறுநீர்ப்பைக்கும் யோனிக்கும் இடையில் துவாரம் உண்டாகிறது. சில வேளைகளில் மலக்குடலுக்கும் யோனிக்கும் இடையிலும் உண்டாகும். அதன்பின் சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றி வடிந்துகொண்டிருக்கும். இத்தகைய பிரசவங்களில் பெரும்பாலும் பிள்ளை இறந்தே பிறக்கிறது. நரம்பு நசுங்கிப் பாதம் தொய்ந்து போகும் பெண்களும் உண்டு.

இதைவிடப் பரவலானவை வேறு. பிரசவத்தின்போது யோனி வாசல் மலவாசல் வரை கிழிந்து சரியாகத் தைக்கப்படாதிருத்தல், கர்ப்பப்பை கீழே இறங்குதல், இடுப்புத் தசைகள் தளர்ந்து சிறுநீர் அடங்காதிருத்தல் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை.

உலகில் சுமார் ஐந்து இலட்சம் பெண்கள் பிஸ்டியுலாவுடன் வாழ்வதாக ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் மதிப்பிட்டுள்ளது. இவர்களில் அநேகர் ஆபிரிக்காவிலும் தெற்காசியாவிலும் உள்ள வறிய பெண்கள். இலங்கையில் இது அரிது. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையும், கிராமம் கிராமமாகச் செல்லும் மருத்துவமாதுகளும், இலவச வைத்தியசாலைகளும் இதற்குக் காரணம். இன்று நமது நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் வைத்தியசாலைகளிலேயே நடைபெறுகின்றன.

அரிது என்பதிலும் ஒரு தீமை உண்டு. ஊரில் ஒருத்திக்கு மட்டும் வந்த நோய்க்குப் பெயர் இருப்பதில்லை. பெயர் இல்லாததால் அது அவளுடைய தலைவிதியாகவோ, யாரோ செய்த சூனியமாகவோ ஆகிவிடுகிறது.

யுத்தம் வீதியை மூடிய காலம்

வைத்தியசாலை இருப்பது ஒன்று, அங்கு போய்ச் சேர்வது இன்னொன்று. 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்ட பிறகு எங்கள் கரையோரத்தில் இரவுப் பயணம் என்பதே இல்லாமல் போனது. ஊரடங்கு, சோதனைச் சாவடி, அடுத்த ஊரைக் கடக்கும் பயம். பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வரும் வீதி இது. ஒருவர் ஊரை மற்றவர் கடக்காமல் வைத்தியசாலைக்குப் போக முடியாது. குளத்துக்கு அப்பால் நாவிதன்வெளிப் பக்கத்துப் பெண்களுக்கு இன்னொரு தடையும் இருந்தது. மாரி மழை பெருகினால் கிட்டங்கித் தாம்போதி வெள்ளத்தில் மூழ்கிவிடும். பிரசவ வலி ஊரடங்கு நீங்கும் வரையோ வெள்ளம் வடியும் வரையோ பொறுத்திருக்காது.

பின்னர் 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். உயிர் தப்பியவர்கள் பாடசாலைகளிலும் கூடாரங்களிலும் தங்கினர். வீட்டுக்குள் மறைத்து வைத்திருந்த நோயை முகாமில் மறைக்க முடியவில்லை. நூறு பேருக்கு இரண்டு மலசலகூடங்கள் உள்ள இடத்தில், எந்நேரமும் துணி மாற்ற வேண்டிய பெண் என்ன செய்வாள்? நான் சந்தித்த ஒரு சகோதரியின் நோய் வெளியே தெரிய வந்ததே அப்படித்தான். யுத்த காலத்தில் ஊரடங்கு இரவொன்றில் வலி தொடங்கி, மூன்றாம் நாள் பிள்ளை இறந்து பிறந்ததிலிருந்து பத்து வருடங்களுக்கு மேல் அவர் நனைந்த துணியுடன் வாழ்ந்திருந்தார். முகாமுக்கு வந்த மருத்துவமாது ஒருவர்தான், "இதுக்கு மருந்து இரிக்கி ராத்தா" என்று முதன்முதலாக அவருக்குச் சொன்னவர்.

வீடு அவளுடையது, ஆனாலும்...

பிஸ்டியுலா வந்த பெண்ணைக் கணவன் வீட்டார் துரத்தி விடுவதாகப் பல நாடுகளிலிருந்து செய்திகள் வருகின்றன. எங்கள் கரையோரத்தில் அப்படி நடப்பது கடினம். கிழக்கில் முஸ்லிம்களானாலும் தமிழரானாலும் வீடு பெண்ணுக்கே சீதனமாகக் கொடுக்கப்படுகிறது. மாப்பிள்ளைதான் அவள் வீட்டுக்கு வந்து குடியிருக்கிறார். பக்கத்து வளவில் உம்மா இருப்பார், அடுத்த வளவில் தங்கச்சி இருப்பாள். அவளை அவளுடைய வீட்டிலிருந்து யார் துரத்துவது?

இது பெரிய பாதுகாப்பு. அதேவேளை இதனுள் ஒரு மறைவான ஆபத்தும் உண்டு. துரத்தப்பட்ட பெண்ணை நாலு பேர் கண்டு கொள்வார்கள். தன் வீட்டின் பின்னறைக்குள் தானே ஒதுங்கிக்கொண்ட பெண்ணை யாரும் காண்பதில்லை. கலியாண வீட்டுக்கு அவள் வரமாட்டாள் என்று தெரிந்து சொல்லாமலே விட்டுவிடுவார்கள். அவளும் சொல்லவில்லை என்று வரமாட்டாள். "அவக்கு ஏலா" என்ற இரண்டு சொற்களோடு எல்லாம் முடிந்துவிடும். இப்படியே பெருநாள்களும் மௌத்து வீடுகளும் நோன்புகளும் கடந்து போகும். எனவே எங்கள் பகுதியில் மீள இணைத்தல் என்பது, பெண்ணை வீட்டுக்குள் சேர்ப்பதைவிட, வீட்டிலிருந்து வெளியே அழைத்து வருவதே.

சத்திரசிகிச்சைக்குப் பின்பு

மேலே சொன்ன சகோதரிக்கு அரசாங்க வைத்தியசாலையொன்றில் சத்திரசிகிச்சை நடந்தது. இரண்டு கிழமையளவில் சிறுநீர்க் குழாயுடன் இருந்து, குழாய் எடுக்கப்பட்டதும் துணி நனையவில்லை. அல்லாஹ்வின் உதவியால் துவாரம் மூடிவிட்டது. குடும்பத்தார் சந்தோஷப்பட்டார்கள். அதன்பின் எல்லாம் வழமைக்கு வந்துவிடும் என்றே நினைத்தார்கள்.

அப்படி வரவில்லை. காய்ந்த உடம்புடன் அவர் தொடர்ந்து துணி மடித்து வைத்துக் கொண்டார். தண்ணீர் குடிக்கப் பயந்தார். எங்காவது போனாலும் வாசலுக்குக் கிட்டத்தான் இருந்தார். பின்னொரு நாள் என்னிடம் இப்படிச் சொன்னார்: "ஆஸ்பத்திரியால வந்து ரெண்டு வருசமாகியும் நான் வாசலடியிலதான் இருப்பன். எழும்பிப் போகச் சுகமெண்டு. பொறகுதான் யோசிச்சன், நான் இப்ப என்னத்துக்கு எழும்பிப் போகணும்?"

அவரை வெளியே கொண்டு வந்தது புத்திமதி அல்ல. நோன்பு மாதத்தில் அயல்வீட்டு ராத்தா ஒருவர் வந்து, "நோன்புக் கஞ்சிக்கு ஆள் காணாது, தேங்காய் துருவ வாங்க புள்ள" என்று கூப்பிட்டார். நோயைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. முதல் நாள் தேங்காய் துருவினார். அடுத்த நாள் இஞ்சி இடித்தார். அந்தக் கிழமை முடிவதற்குள் கஞ்சிக்கு உப்புப் பார்க்கிறவர் அவராகிவிட்டார். அவர் கை பட்ட உணவை ஊரார் வாங்கிக் குடித்தார்கள் என்பதுதான் அவருக்குக் கிடைத்த பெரிய மருந்து. பின்பு பெண்கள் தறாவீஹ் தொழும் இடத்துக்கும் போகத் தொடங்கினார். முதலில் கடைசி வரிசையின் ஓரத்தில் நின்றவரை, பக்கத்தில் நின்ற பெண்களே கையைப் பிடித்து நடுவில் இழுத்துக் கொண்டார்கள்.

எல்லோருக்கும் இவ்வாறு முழுமையாகக் குணமாவதில்லை. துவாரம் மூடிய பின்பும் சிலருக்கு இருமும்போதோ பாரம் தூக்கும்போதோ சிறுநீர் கசியும். சிலருக்கு மீண்டும் சத்திரசிகிச்சை தேவைப்படும். அவர்களும் சபைக்கு உரியவர்களே. முழுவதும் காய்ந்த பிறகுதான் வெளியே வரலாம் என்று காத்திருந்தால் அந்த நாள் சிலருக்கு வரவே மாட்டாது.

"எனக்குத் தொழ ஏலுமா?"

முஸ்லிம் பெண்களிடமிருந்து நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். சிறுநீர் கசிவதால் வுழூ நிற்காது, ஆகவே தொழுகை கூடாது என்று தாங்களே தீர்மானித்து வருடக்கணக்கில் தொழாமல் விட்டவர்கள் இருக்கிறார்கள். தொழுகை போனால் ஓதலும் போகிறது. மனம் இன்னும் இருண்டு போகிறது.

மார்க்கம் இவர்களைக் கைவிடவில்லை. தொடர் இரத்தப்போக்கு இருந்த பாத்திமா பின்த் அபீஹுபைஷ் (ரழி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் தொழுகையை விட்டுவிடவா என்று கேட்டபோது, அது நோயினால் வரும் இரத்தம், மாதவிடாய் நாட்கள் கழிந்தபின் கழுவிவிட்டுத் தொழ வேண்டும் என்று வழிகாட்டப்பட்டது. சிறுநீர் அடங்காதவர்களுக்கும் இதே அடிப்படைதான். நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி, தொழுகை நேரம் வந்த பின்பு கழுவி, சுத்தமான துணி கட்டி, உடனே வுழூச் செய்து, தாமதிக்காமல் தொழ வேண்டும். அதன்பின் கசிவது மன்னிக்கப்படும். ஒவ்வொரு பர்ளுக்கும் இவ்வாறு புதிதாக வுழூச் செய்ய வேண்டும். சிறுநீர் கசிவதால் நோன்பு முறியாது. மேலதிக விளக்கத்தை உங்கள் ஊர் ஆலிமாக்களிடம் கேட்டுக் கொள்ளுங்கள். ஆலிமாக்களிடம் எனது வேண்டுகோள் ஒன்று: இந்த விடயத்தைப் பெண்கள் வந்து கேட்கும்வரை காத்திராமல் நீங்களே வகுப்பில் எடுத்துச் சொல்லுங்கள். கேட்க வெட்கப்படுகிறவர்தான் பின்வரிசையில் இருப்பவர்.

தமிழ்ச் சகோதரிகளுக்கும் இதே துயரம் வேறு வடிவில் உண்டு. யுத்தத்தில் கணவனை இழந்த ஒரு தாய், பிரசவக் கிழிசலால் வாயு அடங்காமல், துடக்குப் போலத் தன்னைத் தானே ஒதுக்கிக்கொண்டு கோயில் வாசலை மிதிக்காதிருந்தார். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் தீமிதிப்புக்கு ஊரே திரண்டு போகும் நாளிலும் அவர் வீட்டில் தனியே இருந்தார். காயம் ஊர் பார்த்து வருவதில்லை, வெட்கமும் அப்படித்தான்.

கணவருக்கும் மாமிக்கும்

பிஸ்டியுலா சத்திரசிகிச்சைக்குப் பின் குறைந்தது மூன்று மாதங்களுக்குத் தாம்பத்திய உறவு கூடாது. பாரம் தூக்கவும் கூடாது. அடுத்த கர்ப்பத்துக்குச் சுமார் ஒரு வருடமாவது இடைவெளி வேண்டும். அடுத்த பிள்ளையைக் கட்டாயம் வைத்தியசாலையில், சிசேரியன் மூலமே பெற வேண்டும். இல்லாவிட்டால் மூடிய துவாரம் மீண்டும் கிழியக்கூடும். ஏனைய காயங்களுக்கு எவ்வளவு காலம் என்பதை உங்கள் வைத்தியர் சொல்வார்.

இவற்றை வைத்தியர் அந்தப் பெண்ணிடம் மட்டும் சொல்லி அனுப்பினால், வீட்டில் அவள் எப்படிச் சொல்வாள்? பிள்ளையை இழந்த குடும்பம் அடுத்த பிள்ளைக்கு அவசரப்படும். ஆகவே டிக்கட் வெட்டும் நாளில் கணவரையும் கூட்டிச் செல்ல வேண்டும். அவர் மத்திய கிழக்கில் இருந்தால், வரும் முன்பே தொலைபேசியில் விடயத்தைச் சொல்ல வேண்டும். மாமிக்கு விளங்கச் சொன்னால் அவரே பெரிய காவலாக இருப்பார். "மருமகள் தண்ணிக் குடம் தூக்கப்படாது" என்று மாமி சொன்னால் வீட்டில் எதிர்ப்பேச்சு இருக்காது.

அடிஸ் அபாபாவில் கற்ற பாடம்

சிகிச்சையுடன் வேலை முடிவதில்லை என்பதை உலகுக்குச் செய்து காட்டிய இடம் எத்தியோப்பியா. 1959இல் மருத்துவமாதுகளுக்குப் பயிற்சி கொடுக்க அங்கு சென்ற வைத்தியத் தம்பதிகள் கத்தரின் ஹம்லினும் ரெஜினோல்ட் ஹம்லினும் 1974இல் தலைநகர் அடிஸ் அபாபாவில் பிஸ்டியுலாவுக்கென்றே ஒரு வைத்தியசாலையை அமைத்தார்கள். அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அந்த அமைப்பினூடாகச் சிகிச்சை பெற்றுள்ளார்கள். கத்தரின் அம்மையார் 2020இல் தமது 96ஆவது வயதில் காலமானார்.

அங்கு குணமாகி வீடு திரும்பும் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு புதிய உடுப்புக் கொடுத்து அனுப்பும் வழக்கம் உண்டு. பழைய நனைந்த உடுப்பை விட்டுவிட்டுப் புதியவளாக ஊருக்குள் போக வேண்டும் என்பதற்காக. முழுமையாகக் குணமாகாத பெண்களுக்கென நகருக்கு வெளியே "மகிழ்ச்சிக் கிராமம்" என்ற பொருள்படும் டெஸ்டா மெண்டர் என்ற இடத்தை உருவாக்கி, அங்கு தொழில் பழக்கினார்கள். நோயாளியாக வந்த பெண்கள் பலர் அந்த வைத்தியசாலையிலேயே உதவித் தாதியரானார்கள். அவர்களுள் மமிட்டு காஷே என்ற பெண், எழுதப் படிக்கத் தெரியாமல் வந்து, அருகில் நின்று பார்த்துப் பழகி, சத்திரசிகிச்சை செய்யும் அளவுக்கு உயர்ந்தார். 2007இல் ஹம்லின் மருத்துவமாதுகள் கல்லூரியும் தொடங்கப்பட்டது. ஒரு புதிய காயம் ஏற்படாமல் தடுப்பதே முதல் வைத்தியம் அல்லவா?

எங்களுக்கு அப்படி ஒரு தனிக் கிராமம் தேவையில்லை. எங்கள் பெண்ணுக்கு வீடு இருக்கிறது, வளவு இருக்கிறது, சுற்றிவர இரத்த உறவு இருக்கிறது. அந்தப் புதிய உடுப்பை நாம் கடன் வாங்கிக் கொள்ளலாம். வைத்தியசாலையிலிருந்து வரும் சகோதரிக்கு ஒரு புதுச் சாரியோ சோட்டியோ எடுத்துக் கொடுத்து, அதை உடுத்தி அழைத்துப் போக ஒரு இடத்தையும் நாமே தேடிக் கொடுக்கலாம்.

நாம் செய்யக்கூடியவை

● பிரசவத்தின் பின் சிறுநீரோ மலமோ அடங்காவிட்டால் "நாற்பது கழியட்டும்" என்று பொறுத்திருக்க வேண்டாம். உடனே சொல்லுங்கள். ஆரம்பத்திலேயே கண்டுகொண்டால், குழாய் போட்டுச் சிறுநீரை வடிய விடுவதாலேயே சில சிறு துவாரங்கள் சத்திரசிகிச்சை இல்லாமல் மூடிவிடுகின்றன.

● மருத்துவமாது பிரசவத்தின் பின் முதல் பத்து நாட்களில் இரண்டு தடவையும், பின்னர் ஆறாவது வாரமளவு வரை மேலும் இரண்டு தடவையும் வீட்டுக்கு வர வேண்டியவர். அவரைப் பிள்ளையை மட்டும் பார்க்க விட்டு அனுப்பாதீர்கள். தனியே அழைத்து உங்கள் நிலையையும் சொல்லுங்கள்.

● பழைய காயம் உள்ளவர்களுக்கும் நேரம் போய்விடவில்லை. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் 1996 முதல் சுகவனிதையர் கிளினிக் நடைபெறுகிறது. 35 வயதைத் தாண்டிய பெண்கள் அங்கு சென்று கர்ப்பப்பை இறக்கம், சிறுநீர்க் கசிவு என்பவற்றையும் தயங்காமல் சொல்லலாம். அங்கிருந்து வைத்தியசாலையின் பெண்நோயியல் வைத்திய நிபுணரிடம் அனுப்புவார்கள்.

● தண்ணீரைக் குறைக்க வேண்டாம். குறைத்தால் சிறுநீர் கடுமையாகி வாடையும் எரிவும் கூடும். நோன்பு காலத்தில் இப்தாருக்கும் ஸஹருக்கும் இடையில் போதியளவு குடியுங்கள். நனைந்த இடத்தைச் சுத்தமான நீரால் கழுவி, துடைத்து, வாசலின் பூசினால் தோல் புண்ணாவது குறையும். துணிகளை மறைவில் போடாமல் வெயிலில் காய விடுங்கள்.

● இடுப்புத் தசைகளுக்குப் பயிற்சி கொடுங்கள். வாயுவை அடக்குவது போலத் தசைகளை உள்ளே இறுக்கி, ஐந்து எண்ணும்வரை வைத்திருந்து விட வேண்டும். ஒரு தடவைக்குப் பத்து முறை, ஒரு நாளைக்கு மூன்று தடவை. சத்திரசிகிச்சை செய்தவர்கள் வைத்தியர் அனுமதித்த பின்பே தொடங்க வேண்டும்.

● தொழிலை மெல்ல மெல்லத் திருப்பிக் கொடுங்கள். மருதமுனையில் தறி இருக்கும் வீடுகளில் நூல் சுற்றும் வேலையிலிருந்து தொடங்கலாம். பன்பாய் இழைத்தல், தையல், சிற்றுண்டி செய்தல் என்பனவும் பாரமில்லாதவை. மாதர் சங்கங்கள் சீட்டுப் பிடிக்கும்போது அவரையும் ஒரு ஆளாகச் சேருங்கள். மாதாமாதம் கூட்டத்துக்கு வர அவருக்கு ஒரு காரணம் கிடைக்கும்.

● பிள்ளையை இழந்த தாயிடம் அந்தப் பிள்ளையைப் பற்றிப் பேசப் பயப்படாதீர்கள். அந்தப் பேச்சைத் தவிர்த்து எல்லோரும் மௌனமாக இருப்பதால் அவர் தனித்துப் போகிறார். மனப்பாரம் தாங்க முடியாதிருந்தால் வைத்தியசாலையின் உளநலப் பிரிவில் உதவி கேட்கலாம்.

● குணமடைந்த பெண் விரும்பினால் மட்டும், இன்னொரு பெண்ணுக்குத் துணையாக வைத்தியசாலைக்குப் போகச் சொல்லுங்கள். எங்களில் எவரும் சொல்லும் நூறு வார்த்தையைவிட "எனக்கும் இருந்தது, இப்ப சுகம்" என்று அவர் சொல்லும் ஒரு வார்த்தை வலியது. அவர் அனுமதியில்லாமல் அவர் கதையை வேறெங்கும் சொல்லாதீர்கள்.

2013 முதல் ஒவ்வொரு வருடமும் மே 23ஆம் திகதியை ஐக்கிய நாடுகள் சபை பிஸ்டியுலா ஒழிப்புத் தினமாக அனுஷ்டிக்கிறது. அந்த நாளில் கூட்டங்கள் நடக்கும், உரைகள் நிகழும். அவை நல்லவைதான். ஆனால் பின்னறையில் இருப்பவர் கூட்டத்துக்கு வரமாட்டார்.

வாசிக்கும் சகோதரிகளே, உங்கள் ஒழுங்கையில் கடைசியாக எப்போது கண்டோம் என்று உங்களுக்கே நினைவில்லாத பெண் ஒருவர் இருக்கிறாரா? இந்தக் கிழமையில் ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போங்கள். என்ன நோய் என்று கேட்க வேண்டாம். சோறு கட்டிக் கொண்டும் போக வேண்டாம். அடுத்து வரும் கலியாண வீட்டுக்கோ, கந்தூரிக்கோ, சங்கக் கூட்டத்துக்கோ ஒரு வேலையைச் சொல்லி, "உங்கட கை வேணும், வாங்க" என்று கேளுங்கள். முதல் தடவை ஏலாது என்பார். இரண்டாம் தடவையும் போங்கள்.